486 முதல் ரைசன் வரை: கொங்கு வீடுகளில் கம்ப்யூட்டர் கட்டிய அனுபவம்

கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிராசசர், எந்த கிராபிக்ஸ் கார்டு என்றுதான். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, காங்கேயம் பக்கத்து வீடுகளில் செத்துப்போன இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். பிராசசர் போய் நின்ற இயந்திரம் மிக அரிது. கரண்டை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி வெடித்தது, மதர்போர்டில் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சின்ன உருளை) உப்பியது, இன்டர்நெட் வயர் செருகும் லேன் போர்ட் இடியில் போனது, பிராசசர் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் பஞ்சு அடைத்தது என்றுதான் பட்டியல் நீளும். கரண்டு, எர்த், தூசி, சூடு ஆகிய நான்கையும் சரிசெய்துவிட்டுப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் ஊருக்கு ஏற்ற வரிசை. முப்பது வருடங்களாக இயந்திரங்கள் தலைமுறை தலைமுறையாக மாறினாலும் இந்த வரிசை மாறவில்லை.

பழைய தலைமுறைகள் ஒவ்வொன்றும் ஒரு பாடத்தை விட்டுப் போயிருக்கின்றன. அவற்றை இன்னும் வைத்திருப்பவர்களுக்காகவும், பரணில் கிடக்கும் பெட்டியை எடுத்து ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பென்டியத்துக்கு முந்தைய 386, 486 சிப் போர்டுகளில் நேரம் காக்கும் பேட்டரி, பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் வகை. போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்ற வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கிடந்தால் அது கசிந்து, பக்கத்துத் தாமிரத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். பரணில் இருந்து இறக்கியதும் கரண்டு கொடுக்கக் கூடாது. முதலில் பேட்டரியை வெட்டி எடுங்கள். கசிவு காரத்தன்மை உடையது. வினிகரில் தோய்த்த பஞ்சால் துடைத்து நடுநிலையாக்கி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, நன்றாக உலர விட்ட பிறகுதான் தடங்களை மீட்டரால் சோதிக்க வேண்டும். அந்தக் காலத்து ஏடி வகை எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டுக்குப் போகும் பிளக்குகள் இரண்டு, பி8, பி9. இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர்ந்து நிற்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். முன்பக்க ஸ்விட்ச் வரை 230 வோல்ட் நேராக வருகிறது என்பதும் நினைவிருக்கட்டும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஸ்விட்ச்சைத் தொடக் கூடாது.

பென்டியம் காலத்தில் பஸ் வேகம் (சிப்பும் போர்டும் பேசிக்கொள்ளும் வேகம்), அதைப் பெருக்கிச் சிப்பின் வேகத்தைத் தரும் பெருக்கல் எண், வோல்டேஜ் மூன்றுக்கும் போர்டில் ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) வைக்க வேண்டியிருந்தது. சாதாரண பென்டியத்துக்கு 3.3 வோல்ட், எம்எம்எக்ஸ் வகைக்கு உள்மையம் 2.8 வோல்ட். 1998-இல் வந்த இன்டெல்லின் மலிவு வகை செலிரான் 300ஏ சிப்பை 66-க்குப் பதில் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஓட்டினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். காசு குறைவாக இருந்த பையன்களுக்கு அது ஒரு திருவிழா. அடுத்து இன்டெல்லுக்குப் போட்டியாக வந்த ஏஎம்டியின் சாக்கெட் ஏ வகை அத்லான் சிப்புகளில் மேல் மூடி கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியே தெரியும். கிளிப்பை ஒரு பக்கமாக அழுத்தினால் மூலை உடைந்துவிடும்; ஹீட் சிங்க் இல்லாமல் ஆன் செய்தால் சில நொடிகளில் கருகிவிடும்.

2000-க்குப் பிறகு சில வருடங்கள் வந்த போர்டுகளில் கெபாசிட்டர் நோய் உலகம் முழுக்க இருந்தது. எங்கள் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் வெளிப்பட்டது. பிராசசர் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, தலையில் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) வகை, இந்த நான்கும் பொருந்த வேண்டும். கடையில் கைக்குக் கிடைக்கும் 85 டிகிரி சாதாரண வகையைப் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதைதான். போர்டின் கிரவுண்ட் தகடு சூட்டை உறிஞ்சிவிடுவதால் 25 வாட் பற்றிரும்பு (சோல்டரிங் அயர்ன்) போதாது, 60 வாட் வேண்டும்.

அந்தக் காலத்து டிஸ்க்கில் இருந்து கோப்புகளை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஜாதகம் என்று 90-களிலும் அதற்குப் பின்னும் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அவை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் இல்லை. டாக்குமென்டை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவந்தால், திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். பிறகு மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

கரண்டும் எர்த்தும்

எங்கள் பக்கம் மின்சாரம் கம்ப்யூட்டருக்காக வந்தது அல்ல, மோட்டாருக்காக வந்தது. ஒரே டிரான்ஸ்பார்மரில் வீடுகளும், கிணற்று மோட்டார்களும், தறிக் கூடங்களும் தொங்கும். 5 குதிரைத்திறன் திரீ பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு, 45 ஆம்பியர் வரை இழுக்கும். விளக்கு ஒரு நொடி மங்குவது இதனால்தான். கரண்டு போய்த் திரும்பும்போது இன்னும் மோசம். எல்லா மோட்டாரும் நின்றிருப்பதால் லைனில் பாரம் இல்லை, வோல்டேஜ் ஏறி நிற்கும். அடுத்த சில நிமிடங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர்கள் ஒவ்வொன்றாக மோட்டாரைக் கிளப்ப, வோல்டேஜ் தடதடவென்று இறங்கி ஏறும். கரண்டு போனதும் கம்ப்யூட்டரின் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடும் பழக்கம் எந்த ஸ்பைக் கார்டையும் (வோல்டேஜ் அதிர்வைத் தடுக்கும் பிளக் பலகை) விடப் பெரிய பாதுகாப்பு.

வோல்டேஜ் ஏறினால் மலிவான எஸ்எம்பிஎஸ் ஏன் வெடிக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்குள் வரும் ஏசி, டிசியாக மாறும்போது 1.414 மடங்கு ஆகிறது. 230 வோல்ட் வந்தால் உள்ளே 325 வோல்ட். மலிவு வகைகளில் 200 வோல்ட் கெபாசிட்டர் இரண்டைத் தொடராகப் போட்டிருப்பார்கள், மொத்தம் 400 தாங்கும். லைனில் 280 வோல்ட் வந்தால் உள்ளே 396. அதோடு கெபாசிட்டர் பழசாகி, அறை வெயிலில் வெந்துகொண்டும் இருந்தால் அங்கேயே முடிந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருக்கும் சிவப்பு ஸ்விட்ச்சும் கவனிக்க வேண்டியது. அது 115-இல் நிற்கும்போது 230 கொடுத்தால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பாகி உடனே வெடிக்கும். வாங்கி வந்ததும் அதை 230-க்குத் தள்ளி மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

மின்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டு சாக்கெட்டில் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரலாம். காற்றுக் காலத்தில் இது அபூர்வமான சம்பவம் அல்ல. ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் எம்ஓவி என்கிற வட்டச் சில்லு, இடி போன்ற கண நேர அதிர்வைத்தான் தாங்கும். நிலையாக 400 வோல்ட் நின்றால் அது எரிந்து புகையும். இதற்கு வீட்டின் மெயின் ஸ்விட்ச் போர்டில் ஓவர்-அண்டர் வோல்டேஜ் ரிலே போட வேண்டும். 270-க்கு மேலும் 170-க்குக் கீழும் தானாகத் துண்டித்து, கரண்டு நிதானப்பட்ட பின் சில நிமிடம் பொறுத்து இணைக்கும்படி அமைக்கலாம். ஃபிரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் சேர்த்தே காக்கும். ஸ்பைக் கார்டு வாங்கினால் திறந்து பாருங்கள். பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் என்று மூன்று இடத்திலும் எம்ஓவி இருந்து, அதற்கு முன்னால் ஃபியூஸும் இருந்தால் நல்ல சரக்கு. ஒரே ஒரு சில்லு இருந்தால் அது வெறும் நீட்டிப்புப் பலகைதான்.

அடுத்தது எர்த். கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "ஏனுங்ணா, கேபினட்டைத் தொட்டா சுர்ருங்குது, வெறுங்காலோட நின்னா இன்னும் ஜாஸ்தியா இருக்குது. போர்டு ஷார்ட்டுங்களா?" போர்டில் எந்தக் கோளாறும் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் பேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்று, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று என இரண்டு சின்ன கெபாசிட்டர் இருக்கும். லைனில் வரும் மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டும் 230-ஐ நடுவில் பங்கிட்டு, கேபினட்டில் 115 வோல்ட்டை நிறுத்திவிடும். வரும் மின்னோட்டம் ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் ஆள் சாகமாட்டார். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ வயரை டிவியில் செருகினால், டிவிக்கு எர்த்தோ கேபிள் லைனோ இருந்தால், அந்த 115 வோல்ட் போர்ட் வழியாக இறங்கி இரண்டு பக்கமும் போர்ட்டைக் கொல்லும். எர்த் சந்தேகமான வீட்டில் எல்லா வயரையும் முதலில் செருகிவிட்டு, கடைசியில்தான் பவர் பிளக்கைப் போட வேண்டும்.

சோதிக்க மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். பேஸ்-நியூட்ரல் 230 அளவில், பேஸ்-எர்த் அதே அளவில், நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் முதல் கட்டம் சரி. நியூட்ரல்-எர்த் அப்பட்டமாக 0 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். அதே லைனில் அயர்ன் பாக்ஸைப் போட்டுப் பாருங்கள். பாரம் ஏறினால் நியூட்ரலில் ஒன்றிரண்டு வோல்ட்டாவது தலைகாட்ட வேண்டும். அப்போதும் 0-விலேயே நின்றால், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையே எர்த் பின்னோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போன அன்று கேபினட் முழுக்க 230 வோல்ட் நிற்கும். அதைப் பிரித்தாக வேண்டும்.

மீட்டர் மட்டும் போதாது. அது மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளப்பதால் பெயருக்கு இருக்கும் எர்த்திலும் 230 காட்டும். நல்ல எலக்ட்ரீஷியன் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, பல்பு எரியும்போது அங்கே எத்தனை வோல்ட் என்று பார்ப்பார். பல்பு எடுப்பது சுமார் 0.43 ஆம்பியர். 230 இருந்தது 226-ஆக இறங்கினால் எர்த் தடை சுமார் 10 ஓம். 200-க்கு இறங்கினால் 70 ஓம், அந்த எர்த் குழி செத்துவிட்டது. இதை நீங்களே செய்ய வேண்டாம். எர்த் வயர் நடுவில் அறுந்திருந்தால் பல்பு வழியாக வீட்டிலுள்ள எல்லா இரும்பு உடம்பிலும் கரண்டு ஏறிவிடும். ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்டு கசிந்தால் துண்டிக்கும் கருவி) போட்ட வீட்டில் இந்தச் சோதனை செய்தால் அது துண்டித்துக்கொள்ளும். அப்படித் துண்டித்தால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எர்த் குழிக்கு 40 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக. காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கம் நாலடியில் பாறை தட்டும். அங்கே துணி துவைக்கும் கல்லின் தண்ணீர் போய்ச் சேரும் இடம், வாழை நிற்கும் இடம் என்று ஈரம் நிற்கும் மண்ணைத் தேடித் தோண்ட வேண்டும். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்து தடை ஏறும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கம்ப்யூட்டருக்காகக் குழி தோண்டுவதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நாற்பதாயிரம் ரூபாய்ப் பெட்டியை வைப்பதற்கு முன் செய்யும் இந்த வேலைதான் ஆளையும் காக்கிறது.

இடி கரண்டு லைனில் மட்டும் வருவதில்லை. 2005-க்குப் பிறகு தொலைபேசி வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்தில் ஐப்பசி மழைக்கு எத்தனையோ மோடம்கள் போயின. இன்று ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்டு ஓடாது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் கம்பத்தில் இருந்து வரும் ஃபைபர் வயரோடு தாங்குவதற்கு ஒரு எஃகுக் கம்பி ஒட்டியிருக்கும். அதை வீட்டுக்கு வெளியிலேயே பிரித்து வெட்டிக் கொக்கியில் கட்ட வேண்டும். உள்ளே மோடம் வரை கொண்டுவரக் கூடாது. சில ஊர்களில் கேபிள்காரர் கம்பத்துப் பெட்டியில் இருந்து வீட்டுக்குத் தாமிர லேன் வயரே இழுக்கிறார். அந்த வயர் நேராக கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டில் செருகியிருந்தால் ஒரு நல்ல இடிக்குப் போர்டே போகும். நடுவில் மலிவான ரௌட்டர் ஒன்றை வையுங்கள். போனால் அது முதலில் போகட்டும். மேகம் கறுத்தால் வயரைக் கழற்றுங்கள்.

யுபிஎஸ் விஷயத்தில் நம்பிக்கைகள் அதிகம், கணக்கு குறைவு. 600 விஏ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் எழுத்துக்கு 84 வாட்-அவர் உண்டு. வேகமாக இழுத்தால் பாதிதான் கையில் கிடைக்கும். 120 வாட் எடுக்கும் இயந்திரமும் மானிட்டருமாக, புது பேட்டரியில் கால் மணி நேரம் எதிர்பார்க்கலாம். சேமித்து அணைப்பதற்கான நேரம்தான் அது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது ஊரெல்லாம் இன்வெர்ட்டர் வாங்கியது. இன்றும் பல வீட்டில் அதுதான் கம்ப்யூட்டரைத் தாங்குகிறது. அதன் பின்னால் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் மோடில் வேகமாக மாறும், ஆனால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடுவதால் தறிக்கூடம் பக்கத்தில் இருக்கும் வீட்டில் பேட்டரி ஓயாமல் வேலை செய்யும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக, அதாவது லைன் கரண்டு போலச் சீரான அலை தருவதாக இருக்க வேண்டும். ஆக்டிவ் பிஎஃப்சி (லைனில் இருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள இன்றைய எஸ்எம்பிஎஸ்கள் சில, ஸ்கொயர் வேவ் கரண்டில் உறுமும், அல்லது அணைந்துவிடும்.

யுபிஎஸ்ஸில் இருக்கும் சீல்டு பேட்டரிக்குச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொது விதி. ஈரோடு, கரூர் வெயிலில் யுபிஎஸ்ஸை மேஜைக்கடியில் சுவரோரம் திணித்து, பக்கத்தில் கேபினட்டின் வெப்பக் காற்றும் படும்படி வைத்தால் இரண்டு வருடம் ஓடுவதே பெரிது.

எஸ்எம்பிஎஸ்

பணத்தை எங்கே போடுவது என்றால் இங்கேதான். கேபினட்டோடு இலவசமாக வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படியுங்கள். +12 வோல்ட்டுக்கு எதிரே 14, 16 ஆம்பியர் என்று இருக்கும். 16 ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய இயந்திரத்தில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மேலே எழுதிய 450 எதற்கும் உதவாது. நல்ல 450 வாட் சரக்கில் அதே இடத்தில் 35 ஆம்பியர் அளவில் இருக்கும். 65 வாட் பிராசசர், தனி கிராபிக்ஸ் இல்லாத வீட்டு இயந்திரம் சும்மா நிற்கும்போது 40 முதல் 60 வாட்டும், முழு வேகத்தில் 130 வாட் அளவுக்கும்தான் எடுக்கும். ஆகவே 750 வாட் தேவையில்லை, நேர்மையான 450 போதும்.

சந்தேகம் வந்தால் போர்டில் இருந்து கழற்றி, 24 பின் பிளக்கில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்தால் தானாக ஓடும். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கோ ஃபேனோ பாரமாக மாட்டிக்கொண்டு அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட் இருக்கலாம். ஊதா வயரில் அணைத்த நிலையிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை என்கிற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஊதாதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறப்பது பழகியவர் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 325 வோல்ட் காத்திருக்கும்.

கேபினட்டின் பின்னால் கார்டு இல்லாத ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுங்கள். குளிர் மாதங்களில் சூடு தேடிப் பல்லி உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கருகிக் கிடக்கும் பல்லியை எந்தச் சர்வீஸ்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

பஞ்சு, நார், ஆடிக் காற்று

தூசி எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊர்த் தூசிக்குத் தனிக் குணம் இருக்கிறது. ஸ்பின்னிங் மில், விசைத்தறி, பனியன் கம்பெனி இருக்கும் தெருக்களில் காற்றில் மிதப்பது பஞ்சு இழை. சாதாரண மண் தூசி ஃபேன் இறக்கையில் படியும். பஞ்சு அப்படிப் படியாமல் ஃபேனுக்கும் ஹீட் சிங்க் பட்டைகளுக்கும் நடுவில் போய்க் கம்பளிப் போர்வை மாதிரி ஒரே தாளாகப் படரும். வெளியில் இருந்து பார்த்தால் ஃபேன் அழகாகச் சுற்றும், காற்று மட்டும் உள்ளே போகாது. வேகம் தானாகக் குறைகிறது, மதியத்தில் ஹேங் ஆகிறது, காலையில் நன்றாக இருக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். புளோயரால் மேலே இருந்து அடித்தால் அந்தத் தாள் இன்னும் இறுகும். ஃபேனின் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் தூக்கி, தாளைக் கையால் உரித்து எடுத்துவிட்டு, பிறகு மீதியை எதிர்ப் பக்கத்தில் இருந்து ஊத வேண்டும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும், ஃபேனே சின்ன ஜெனரேட்டராகிப் போர்டுக்குள் கரண்டு அனுப்பவும் கூடும்.

தறிக்கூடத்தில் பஞ்சோடு எண்ணெய்ப் புகையும் கலந்திருப்பதால் பிசுபிசுவென்று ஒட்டும். அதற்குப் பெயின்ட் பிரஷும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். பொள்ளாச்சி பக்கம் நார் மில்கள் அருகே வருவது தேங்காய் நார்த்தூள். இது இன்னும் ஆபத்தானது. நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், அதில் உப்பும் உண்டு. ஈரமான நாளில் போர்டின் மேல் படிந்த அந்தத் தூளின் வழியே கரண்டு கசியும். மழைக்கால ஆரம்பத்துக்கு முன் ஒரு முறை முழுக்கச் சுத்தம் செய்வது அங்கே கட்டாயம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை மண்ணை வாரி அடிக்கும். கேபினட்டை மேற்குச் சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு ஸ்டாண்ட் போதும். உள்ளே காற்றை இழுக்கும் ஃபேன் வெளியே தள்ளும் ஃபேனை விடக் கூடுதலாக இருந்தால், உள்ளே அழுத்தம் சற்று மிகுந்து, இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது. முன்பக்கம் 120 மில்லிமீட்டர் இரண்டு, பின்பக்கம் ஒன்று என்பது நல்ல கணக்கு. இழுக்கும் ஃபேனுக்கு வெளியே நைலான் கொசு வலையைக் காந்தப் பட்டையால் ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை கழற்றி உதறினால் உள்ளே திறக்க வேண்டிய அவசியம் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். கண்ணாடி முகப்பு போட்டுக் காற்றுக்கு வழி விடாத கேபினட்டுகளை எங்கள் ஊருக்கு நான் சிபாரிசு செய்வதே இல்லை.

ஹீட் சிங்க் என்ன செய்தாலும் அறைக் காற்றை விடக் குளிராக்க முடியாது. 65 வாட் பிராசசர், அதோடு வந்த கூலரில் (ஃபேன் சேர்ந்த ஹீட் சிங்க்) முழு வேகத்தில் அறையை விட 45 டிகிரி அளவுக்கு ஏறும். ஏசி அறையில் 25-உம் 45-உம் 70. சித்திரையில் ஆஸ்பெட்டாஸ் கூரைக்குக் கீழே 40-உம் 45-உம் 85. அதில் கொஞ்சம் பஞ்சு சேர்ந்தால் 95, 100 என்கிற எல்லையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொஞ்சம் பெரிய டவர் கூலர் எங்கள் ஊரில் ஆடம்பரம் ஆகாது.

கட்டும்போது

கேபினட்டுக்குள் மாட்டிவிட்டுப் பிறகு ஓடவில்லை என்று தேடுவது நேர விரயம். போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே பிராசசர், ஒரு ராம், கூலர், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து, பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டு ஓட்டிப் பாருங்கள். போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸின் திரை வந்தால்தான் கேபினட்டுக்குள் மாட்டலாம். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் இல்லை. தனிக் கார்டு இல்லாமல் திரை வராது.

இன்டெல் எல்ஜிஏ போர்டுகளில் முள் சாக்கெட்டில் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் சிப்புகளுக்காக 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டிலும் அப்படியே. சிப்பை நேராக இறக்க வேண்டும், தேய்த்து நகர்த்தக் கூடாது. அதற்கு முந்தைய ஏஎம்4-இல் முள் சிப்பிலேயே இருக்கிறது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய பழைய பேஸ்ட் இறுகிய நிலையில் கூலரை நேராகத் தூக்கினால் பூட்டிய சாக்கெட்டில் இருந்து சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறும் முன் கூலரை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். முள் வளைந்தால் பேனாப் பென்சிலின் காலி உலோக முனையைச் செருகி நிமிர்த்தலாம்.

பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும். கூலரின் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கேபினட்டில் போர்டுக்குக் கீழே வரும் பித்தளைத் தாங்கிகளை எண்ணுங்கள். போர்டில் எத்தனை ஓட்டையோ அத்தனைதான் இருக்க வேண்டும், அதுவும் நேர் கீழே. ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால் போர்டின் பின்புறத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும். பட்டனை அழுத்தியதும் ஃபேன் அரை நொடி சுற்றி நிற்பது இதன் அடையாளம்.

ராம் இரண்டு வாங்கினால் நாலு ஸ்லாட்டில் பெரும்பாலும் பிராசசர் பக்கத்தில் இருந்து இரண்டாவதும் நாலாவதும்தான் சரி. ராமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றில் மற்றது போகாது, அழுத்தக் கூடாது. பெட்டியில் எழுதிய வேகம் தானாக வராது, பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்கிற ராம் வேக அமைப்பை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தபின் ஓர் இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும், ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிராசசருக்கான 8 பின் பிளக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் பிளக்கும் ஒன்றல்ல. வயரிங்கில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பலவந்தமாகச் செருகினால் புகை வரும்.

பழைய சரக்கு

கோவை காந்திபுரம் பக்கக் கடைகளில் கம்பெனிகள் கழித்த ஆபீஸ் இயந்திரங்கள் நிறைய வருகின்றன. படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல முதல் இயந்திரம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை மலிவாகக் கிடைப்பதன் காரணம் அதுதான். லினக்ஸ் போடுவதாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். 6, 7-க்கும் 8, 9-க்கும் சாக்கெட் பார்வைக்கு ஒன்றே, எல்ஜிஏ 1151. ஆனாலும் பழைய போர்டில் புது சிப் ஓடாது. பின்னால் மேம்படுத்திக்கொள்ளலாம் என்று இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். சின்ன ஆபீஸ் பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் பிளக் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும். போனால் சந்தை எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பெரிய டவர் வகையாகத் தேடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கோடு தருவார்கள். கடையிலேயே டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைத் திறந்து, கெட்டுப்போன, கெடப்போகும் இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 வரிசைகளைப் பாருங்கள். மூன்றும் சைபராக இருக்க வேண்டும். சி5-இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்கக் கூடாது. சி7-இல் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள். எப்படியும் சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி போட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கைப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. அரசு கொடுத்த மாணவர் லேப்டாப்கள் பல வீட்டில் பீரோவில் தூங்குகின்றன. சாட்டா டிஸ்க் உள்ளவற்றில் எஸ்எஸ்டியும் ராமும் மாற்றி இலகுவான லினக்ஸ் போட்டால் தட்டச்சுக்கும் பாடத்துக்கும் நன்றாக உழைக்கும்.

அறையில் ஒரு டப்பாவில் இவை இருக்கட்டும்: போர்டில் நேரம் காக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி இரண்டு, சோதித்த எஸ்எம்பிஎஸ் ஒன்று, ஓடும் என்று தெரிந்த ராம் ஒன்று, சாட்டா வயர் இரண்டு, பேஸ்ட், வெள்ளை ரப்பர். திரை வராமல் நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ராம்தான். கழற்றித் தங்க நிறப் பட்டையை ரப்பரால் தேய்த்து மாட்டினால் பாதிப் புகார்கள் அங்கேயே தீரும். தேதி ஒவ்வொரு நாளும் பின்னால் போனால் அந்த 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியை அளந்து பாருங்கள், 2.7-க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரி உப்பியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். ஈய பேட்டரிக்குப் பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை கழிப்பார்கள். போர்டுகளையும் வயர்களையும் தாமிரத்துக்காக எரிக்கிறவரிடம் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள்.